நல்லசிவத்தின் இடது கண்

கறுப்பு ரவிக்கைத் துணி வேண்டும் என்று போய் நின்றால் நல்லசிவம் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டான். எந்தக் கறுப்பு என்று கேட்பான். நீலம் ஓடும் கறுப்பு, பழுப்பு ஓடும் கறுப்பு, இரண்டு தரம் துவைத்ததும் பாசி நிறத்துக்குப் போய்விடுகிற கறுப்பு என்று அவனிடம் ஏழெட்டுக் கறுப்பு உண்டு. நம் புடவையைக் கையில் வாங்கி, நாலைந்து துணிக்கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடைக்கு வெளியே வெயிலில் வந்து நிற்பான். டியூப் லைட் பொய் சொல்லும் என்பது அவன் கட்சி. தலையை லேசாக இடதுபக்கம் திருப்பி ஒரு கண்ணால் பார்ப்பான். "இதுதான்க்கா" என்பான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு கண்ணால் என்றேன் அல்லவா. அவனுடைய இடது கண் செயற்கைக் கண். நல்ல வேலைப்பாடுதான், ஆனால் அது அசையாது. புதிதாக வருகிற பெண்கள் கொஞ்சம் தடுமாறி, எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் துணியைப் பார்த்துப் பேசுவார்கள்.

என் பெயர் சூடாமணி. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ரவிக்கை தைக்கிறேன். லைனிங், ஃபால்ஸ், நூல் எல்லாம் தி.நகரில் அவன் கடையில்தான் வாங்குவது. நான் நிறையப் பேசுவேன், அவன் பேச மாட்டான். அதனால் அவன் வாழ்க்கையைச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

அவனுக்கு ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஒரு கிராமம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர், அவன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா முத்துமாரி. இரண்டு அக்காக்களுக்குப் பிறகு கடைக்குட்டியாகப் பிறந்தவன் இவன். ஒன்றரை வயதில் ஒரு தீபாவளிக்கு வெடி தெறித்து இடது கண் போயிற்று. வெடியைக் கொளுத்தியது அம்மாவின் தம்பி, அதாவது இவனுடைய தாய்மாமன் அய்யாதுரை. அப்போது அவர் பன்னிரண்டாம் வகுப்புப் பையன். விளையாட்டுப் புத்தியில் திரியைப் பற்றவைத்துக் குழந்தை பக்கம் எறிந்துவிட்டார். இதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நல்லசிவத்துக்கும் இதுதான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பொட்டைக்கண்ணு என்று கூப்பிட்டார்கள். பத்தாவது முடித்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவர் மூலம் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தான். முகம் பார்த்து வாங்குகிற இடத்தில் இவனை நிறுத்தினால் வியாபாரம் கெடும் என்று குடோனில் போட்டார்கள். அங்கே துணிக்கட்டுகளைத் தவிர அவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. வாடாமல்லி, அரக்கு, வெங்காயத்தோல், மயில்கழுத்து என்று நிறங்களோடேயே வளர்ந்தான். பிறகு சீட்டுப் போட்டு, கடன் வாங்கி, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஒரு மேட்சிங் கடை போட்டான்.

தீபாவளி வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். தி.நகர் முழுக்க வியாபாரம் பொங்கி வழியும்போது இவன் ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொள்வான். வெட்டிக்கொண்டிருந்த துணியை ஒருமுறை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கல்லாவுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான். நான் பார்த்தேன், சிரிக்கவில்லை.

அய்யாதுரை தேனாம்பேட்டையில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருந்தார். பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டிய தூரம். ஆனால் மாமனும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை. அதற்குக் கண் மட்டும் காரணமில்லை. அய்யாதுரைக்கு தீபிகா என்று ஒரே பெண். நல்லசிவத்துக்கு முறைப்பெண். கல்யாண வயது வந்ததும் முத்துமாரி தம்பி வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டாள். தம்பி முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். காரணமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொந்தத்தில் யார் வாயைத் திறந்தாலும் ஒரு பேச்சு வரும். "கண்ணையும் கெடுத்தான், பொண்ணையும் குடுக்க மாட்டேன்னுட்டான்." நல்லசிவம் அதைச் சொன்னதில்லை. ஆனால் யாராவது சொல்லும்போது தடுத்ததும் இல்லை.

பிறகு விருதுநகர்ப் பக்கம் ஜெயஸ்ரீயைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். தங்கமான பெண். எனக்குக் கொக்கி வைத்து, ஹெம்மிங் பண்ணிக் கொடுப்பாள், அந்த வகையில் எனக்கு நெருக்கம். கல்யாணத்துக்கு அய்யாதுரை வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார், மொய் எழுதினார், பந்தியில் சாப்பிட்டார், யாரிடமும் பேசாமல் போய்விட்டார். முத்துமாரி அவர் பக்கமே திரும்பவில்லை.

அடுத்த வருஷம் அஸ்வத் பிறந்தான். கொழுகொழு என்று, அப்பன் மூக்கு, அம்மா நிறம். ஆறேழு மாதத்தில் அவன் இடது கண் லேசாக உள்ளே இழுத்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லாத ஆள் இல்லை. மாடிவீட்டு அம்மா சொன்னாள், கடைப் பக்கத்துக்காரன் சொன்னான். பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து கூடவே இருந்த முத்துமாரி மட்டும் சொல்லவில்லை. அவள் அப்போதிலிருந்து குழந்தையை யார் கையிலும் கொடுப்பதில்லை.

முதலில் ஜெயஸ்ரீ என்னிடம் சிரித்துக்கொண்டுதான் குறைப்பட்டாள். "போட்டோ எடுக்கவே விடமாட்டேங்காங்க அக்கா. கண்ணு பட்டுரும்னு சொல்றாங்க. முதல் பிறந்தநாளுக்குக்கூட ஒரு படம் இல்ல." அப்புறம் சிரிப்புக் குறைந்தது. மாலையில் வீட்டில் முத்துமாரி பெரிய லைட்டைப் போட விடுவதில்லை. குழந்தை முகத்தைத் தன் தோளில் புதைத்தே வைத்திருக்கிறாள். தடுப்பூசிக்குப் போனாலும் அவள்தான் தூக்கிப் போகிறாள், பிள்ளை தூங்குகிறான் என்று துண்டால் மூடியே காட்டித் திரும்புகிறாள். "என் பிள்ளைய என்கிட்டயே முழுசாக் காட்ட மாட்டேங்காங்க" என்று ஒருநாள் ஜெயஸ்ரீ கொக்கியை ஊசியோடு வைத்துவிட்டுச் சொன்னாள்.

சித்திரை மாதம் மாட வீதியில் பூஜைச் சாமான் கடையில் முத்துமாரியைப் பார்த்தேன். வெள்ளிக் கண்மலர் வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் கோளாறு என்றால் அம்மனுக்குச் சாத்த வாங்குவார்களே, அது. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கடையில் எப்போதும் கிடைக்கும்.

"இன்னாம்மா, யாருக்குக் கண்ணு சரியில்ல?" என்று கேட்டேன்.

"சிவத்துக்குத்தான்" என்றாள்.

"அவனுக்குத்தான் சின்ன வயசுலயே போயிடுச்சே, இப்ப இன்னாத்துக்கு?"

"இருக்கிறதாவது நல்லா இருக்கட்டும்னுதான்" என்றவள் கடைக்காரர் பக்கம் திரும்பி, "இது பெருசு. இன்னும் சின்னதாக் குடுங்க" என்றாள். அவர் அடுத்த அளவை எடுத்தார். "இன்னும் சின்னது" என்றாள். கடைசியில் கைநகம் அளவுக்கு ஒரு ஜோடி அகப்பட்டது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு விறுவிறு என்று போய்விட்டாள். முப்பது தாண்டிய மகனுக்கு எதற்கு இவ்வளவு சின்னது? அப்போது தெரியவில்லை.

தெரிந்தது ஆடியில். ஆடி வெள்ளிக்கிழமை, தள்ளுபடிக் கூட்டம், சந்தில் நடக்க இடமில்லை. முத்துமாரி கூழ் ஊற்றுகிற இடத்துக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஜெயஸ்ரீ சாப்பாட்டுக் கேரியரோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். நான் அரக்கு நிறத்தில் லைனிங் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லசிவம் குழந்தையை வாங்கிக் கல்லாமேல் உட்காரவைத்து, ஒரு சாட்டின் துண்டை ஆட்டிக் காட்டினான். குழந்தை சிரித்துக்கொண்டே கையை நீட்டியது. துணி இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை மூடியது.

நல்லசிவம் துண்டைக் கீழே வைத்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். பந்தல் நிழலும் வெளிச்சமும் கலக்கிற இடத்தில் நின்று, அதன் முகத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினான். புடவையை வைத்துப் பார்ப்பது போலத்தான், அதே தலைச்சாய்ப்பு. நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் இடது கண்ணின் பாப்பாவுக்குள் வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. திருப்பினால் இல்லை. மறுபடி திருப்பினால் இருந்தது.

"இது வேற கறுப்புக்கா" என்றான்.

"பூனைக்கண்ணா இருக்கும்பா" என்றேன்.

"பூனைக்கண்ணுன்னா ரெண்டும்தான பூனைக்கண்ணா இருக்கணும்."

ஜெயஸ்ரீ கேரியரைத் திறந்து பாதியில் நின்றாள். அவன் ஷட்டரை இழுத்துப் பூட்டினான். ஆடித் தள்ளுபடி வெள்ளிக்கிழமையில் ஷட்டரை இழுத்த ஒரே கடை அந்தச் சந்தில் அதுவாகத்தான் இருக்கும்.

கண் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த டாக்டரின் பெயர் வஜீஹா. நடுத்தர வயது, நிதானமான பேச்சு. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து இரண்டு கண்ணையும் பார்த்தார். பிறகு எங்களை உட்காரவைத்தார். நான் ஜெயஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்குப் பின்னால இருக்கற திரையில கட்டி. புற்றுநோய்தான். இடது கண் முழுக்க நிறைஞ்சிருக்கு. வலது கண்லயும் ரெண்டு சின்னப் புள்ளி இருக்கு. முதல்ல உயிரைக் காப்பாத்தணும். அதுக்கு இடது கண்ணை எடுக்க வேண்டி வரும். வலது கண்ணைக் காப்பாத்த எல்லாம் செய்யலாம். ஆனா இப்ப வாக்குக் குடுக்க முடியாது."

ஜெயஸ்ரீ அழவில்லை. கிரகணத்தன்று மொட்டை மாடிக்குப் போனேன், அதனாலா என்று கேட்டாள். கர்ப்பத்தில் காய்ச்சல் மாத்திரை போட்டேன், அதனாலா என்று கேட்டாள். எந்தத் தாயும் முதலில் தன்னைத்தான் கூண்டில் ஏற்றுகிறாள், அதைப் பார்க்க எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்து வந்தது.

டாக்டர் தலையை ஆட்டினார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குரோமோசோம் ஜோடி ஜோடியா இருக்கு. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. பதிமூணாவது ஜோடியில ஒரு ஜீன் இருக்கு. செல் கண்டபடி பெருகாம பிரேக் போடுறது அதோட வேலை. ரெண்டு பிரதி இருக்கறதால ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். ரெண்டு கண்லயும் கட்டி வருதுன்னா, பிறக்கும்போதே எல்லாச் செல்லுலயும் ஒண்ணு கெட்டுப்போயிருந்ததுன்னு அர்த்தம். அப்புறம் கண்ல எங்கேயோ ஒரு செல்லுல ரெண்டாவதும் கெடுது. பிரேக் இல்லாம அது பெருகிக்கிட்டே போகுது."

"எப்படி டாக்டர் கெடும்?" என்று நல்லசிவம் கேட்டான்.

"வெயில் கெடுக்கும், எக்ஸ்ரே கதிர் கெடுக்கும், சிகரெட் புகை, சில ரசாயனம், சில வைரஸ் கெடுக்கும். அதனாலதான் இவனுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டாம்னு எம்.ஆர்.ஐ.க்கு எழுதியிருக்கேன், ஏற்கெனவே ஒரு பிரதி போன உடம்பு இது. ஆனா நிறைய நேரம் ஒரு காரணமும் இருக்காது. அவ்வளவு கோடி எழுத்தைத் திரும்பத் திரும்ப நகல் எடுக்கும்போது எங்கயாவது ஒண்ணு தப்பிடும். யார் தப்பும் இல்ல. சில குழந்தைக்கு அது புதுசா வரும். சில குழந்தைக்கு அப்பா அம்மாகிட்டருந்து வரும்."

என் தொழிலில் எனக்கு இது புரிந்தது. நான் வெட்டும்போது கத்தரி வழுக்கினால் அந்த ஒரு ரவிக்கைதான் பாழ். அளவு ரவிக்கையிலேயே கை வளைவு தப்பாக இருந்தால், அதை வைத்து வெட்டுகிற எல்லாமே தப்பாகத்தான் வரும்.

டாக்டர் அப்போதுதான் நல்லசிவத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்க இடது கண்?"

"சின்ன வயசுல வெடி பட்டுருச்சு டாக்டர்."

அவர் எழுந்து வந்து, அவன் முகத்தைப் பிடித்து, டார்ச் அடித்து இமையைப் பார்த்தார். மேல் இமை, கீழ் இமை, புருவம், கன்னத்து எலும்பு. நேரம் எடுத்துப் பார்த்தார். "கண்ணையே எடுக்கற அளவுக்கு வெடி பட்டிருக்கு. இமையில ஒரு தழும்புகூட இல்ல. புருவத்துல ஒரு கீறல்கூட இல்ல" என்றார். "யார் உங்களை அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க? அவங்ககிட்டப் பேசணும்."

நல்லசிவம் தன் புருவத்தை விரலால் தடவினான். முப்பத்தைந்து வருஷமாகக் கண்ணாடியில் பார்த்து வருகிற புருவம் அது.

அம்மாவுக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் முத்துமாரியின் குரல் எங்களுக்கும் கேட்டது. "வெடிதாம்ல. எத்தனை தடவை கேப்ப? உங்க மாமன் வச்ச வெடி." போனை வைத்துவிட்டாள். அவன் ஜெயஸ்ரீயிடம், "மாமா நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டான். அவளிடமும் இல்லை. தேனாம்பேட்டைக் கடையின் பெயரை கூகுளில் தேடி எடுத்தோம்.

அய்யாதுரை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். ஐம்பது தாண்டிய மனுஷன், சட்டைப் பையில் டெஸ்டர் செருகியபடியே வந்திருந்தார். குழந்தைக்குக் கண்ணில் என்ன என்று ஒரு வரி சொன்னதும் அங்கே இருந்த இரும்பு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"மாமா, நீங்க வச்ச வெடியா?" என்று நல்லசிவம் கேட்டான்.

"நான் வெடியே வைக்கலடா. உன் கண்ணுக்குள்ள பூனைக்கண்ணு மாதிரி மினுங்குச்சு. மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம், நானும் அக்காவும். உங்கப்பாவுக்கு லீவு கிடைக்கல. கட்டின்னு சொல்லி எடுத்தாங்க. ஊருக்குள்ள பஸ்ஸ விட்டு இறங்குறோம், தீவாளி முடிஞ்ச கையோட. பிள்ளைக்குக் கண்ணுல என்ன கட்டுன்னு கேட்டாவ. ரெண்டு பொம்பளப் பிள்ளையக் கட்டிக்குடுக்கணும், குடும்பத்துல நோய்னு சொன்னா எவன் வருவான்? அக்கா வாயில வெடின்னு வந்துட்டு. யாரு வச்ச வெடின்னு கேட்டாவ. அக்கா ஒண்ணும் சொல்லல. நான்தான் பக்கத்துல நின்னேன். எல்லாரும் என்னையப் பாத்தாவ."

"நீங்க இல்லன்னு சொல்லலையா?"

"அக்கா முகத்தப் பாத்தேன். சொல்லல."

நல்லசிவம் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். வளர்ந்த ஆள், ஆஸ்பத்திரி நடையில், நாலு பேர் பார்க்க. அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்தது. பழியைச் சுமந்த மனுஷன் என்று நினைத்தேன்.

ஜெயஸ்ரீ மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "மதுரையில டாக்டர் வேற என்ன சொன்னாரு மாமா?" என்று கேட்டாள்.

"இவன் பெரியவனாகிப் பிள்ளை பெத்தா, பிறந்த கையோட கண்ணக் காட்டணும்னாரு. பிள்ளைக்கும் வரலாம்னாரு. சீக்கிரம் பாத்தா சரிபண்ணிறலாம், மறந்துராதீங்கன்னாரு."

"நீங்க மறக்கலல்ல?"

"மறக்கல."

"அதனாலதான் தீபிகாவக் குடுக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க கல்யாணத்துக்கு வந்தீங்களே மாமா. பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா."

"எங்கப்பா உங்களுக்கு இலையில பரிமாறியிருப்பாரு. அப்ப அவரு காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. பிள்ளை பிறந்தாக் கண்ணக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை. உங்க பொண்ணக் காப்பாத்திக்கிட்டு எம்பிள்ளைய விட்டுட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சற்றுமுன் அவருக்காக நிறைந்த என் கண்ணை நினைத்து எனக்கே எரிச்சலாக வந்தது. ஒருவன் நல்லவனாக இருந்துகொண்டே எவ்வளவு பெரிய கெடுதல் செய்ய முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

முத்துமாரியிடம் கேட்டபோது அவள் முதலில் கத்தினாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பேரன் பிறந்து ஏழாம் மாதம் அந்த மினுக்கத்தைப் பார்த்திருக்கிறாள். மகனுக்கு இருந்த அதே மினுக்கம். சொன்னால் வெடிப் பொய் வெளியே வரும், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த இடத்தில் கேள்வி வரும், பேத்திகள் வரிசையாக நிற்கிறார்கள். அம்மன் சரிபண்ணிவிடுவாள் என்று கண்மலரை வாங்கிச் சாத்திவிட்டுக் குழந்தையைத் துண்டால் மூடி வைத்திருக்கிறாள். ஏழாம் மாதத்தில் வாயைத் திறந்திருந்தால் இடது கண்ணுக்கும் ஒரு வழி இருந்திருக்குமோ என்னவோ. டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் அஸ்வத்தின் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

குழந்தைக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆவணி, புரட்டாசி எல்லாம் ஆஸ்பத்திரியில் போயிற்று. சுருட்டை முடி உதிர்ந்து தலையணையில் கிடந்தது. கடை பாதி நாள் பூட்டியிருந்தது. அய்யாதுரை தினமும் வந்தார். ஆட்டோ பிடிப்பார், மருந்து வாங்குவார், வாசலிலேயே நிற்பார். ஜெயஸ்ரீ அவரிடம் அதற்குப் பிறகு பேசவில்லை.

இடையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லோரிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். நல்லசிவத்திடம் அந்த ஜீன் கெட்டிருந்தது, அஸ்வத்திடம் அதே எழுத்து அதே இடத்தில் கெட்டிருந்தது. முத்துமாரியிடம் இல்லை. இரண்டு அக்காக்களிடமும் இல்லை.

"அப்பா இல்லாததால நூத்துக்கு நூறு சொல்ல முடியாது" என்றார் வஜீஹா டாக்டர். "ஆனா பெரும்பாலும் இது உங்ககிட்டதான் புதுசா ஆரம்பிச்சிருக்கு. உங்க அக்காங்களுக்கோ அவங்க பிள்ளைங்களுக்கோ இதனால ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. நீங்களும் உடம்புல எங்க கட்டி தெரிஞ்சாலும் உடனே வரணும்."

அதாவது, யாருக்காகப் பொய் சொன்னாளோ அந்தப் பெண்களுக்கு எந்தக் காலத்திலும் ஆபத்தே இல்லை. முத்துமாரிக்கு இதை எடுத்துச் சொன்னது நான்தான், கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப எங்கிட்டருந்து வரலியா?" என்றாள். இவ்வளவு காலம் தன் வயிற்றில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. கோபம் போகவும் இல்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம் அஸ்வத்தின் இடது கண்ணை எடுத்தார்கள். தீபாவளி முடிந்து நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் அவர்கள் குடியிருக்கிற வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. தெருவெல்லாம் வெடிக் காகிதம் சிவப்பாகக் கிடந்தது. ஜெயஸ்ரீ குழந்தையோடு இறங்கினாள். பின்னால் முத்துமாரி, பிறகு நான். அய்யாதுரை பைகளைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். நல்லசிவம் ஆட்டோக்காரருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மாடிவீட்டு அம்மா படியில் நின்று பார்த்தாள். "இன்னாச்சு குழந்தைக்கு, கண்ல கட்டுப் போட்டுகினு கீது?" என்றாள்.

"வெடிம்மா" என்றாள் முத்துமாரி. யோசிக்கவே இல்லை. மூச்சு விடுவது போல வந்துவிட்டது. "தீவாளி வெடி."

"அடப்பாவமே. யார் வச்சது?"

முத்துமாரி திரும்பிப் பார்த்தாள். நானும் திரும்பினேன். அய்யாதுரை பைகளோடு நின்றிருந்தார். தலையைக் குனிந்து, ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். அந்த மனுஷன் மறுபடியும் நான்தான் என்று சொல்ல வாயைத் திறக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"வெடி இல்லம்மா" என்றான் நல்லசிவம். சில்லறையைக்கூட வாங்காமல் வந்து நின்றான். "யாரும் வைக்கல. கட்டி. எனக்கும் இதே கட்டிதான். எங்கிட்டருந்து அவனுக்கு வந்தது."

மாடிவீட்டு அம்மா படியேறிப் போய்விட்டாள். இந்தத் தெருவுக்கு இன்று, ஊருக்கு நாளை எல்லாம் தெரிந்துவிடும். முத்துமாரி மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மாமன் கையிலிருந்து பைகளை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க" என்றான். ஜெயஸ்ரீ வாசலில் கொஞ்சம் நின்றாள். வாருங்கள் என்று சொல்லவில்லை, வழியை மறிக்கவும் இல்லை.

வலது கண்ணை அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கிறார்கள். இரண்டு புள்ளியில் ஒன்று சுருங்கியிருக்கிறது, இன்னொன்று பிடிகொடுக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்து எதுவும் தெரியாது, தெரிகிற அளவுக்கு வந்தால் நேரம் கடந்திருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நல்லசிவத்துக்கும் அது தெரியும். இருந்தாலும் நான் கடைக்குப் போகிற அன்றெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வருகிறான், அந்த முகத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புகிறான். ஊருக்கே நிறம் சொல்கிறவன் இப்போது என்னைக் கேட்கிறான்.

"கறுப்புதானக்கா?"

நான் குனிந்து பார்க்கிறேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கறுப்புதான் என்கிறேன். அவன் இன்னொருமுறை பார்க்கச் சொல்கிறான்.